ஒன்பது ஆண்டு நின்ற எஞ்சின்: இரண்டு முறை கட்ட வேண்டி வந்தது ஏன்?

பின்னணி

எஞ்சின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் வகை. 1489 சிசி, நான்கு சிலிண்டர், புஷ்ராட் அமைப்பு (தண்டுகள் தள்ளி வால்வுகளைத் திறக்கும் முறை), கிராங்க் என்ற சுழல்தண்டைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கார் ஒன்பது ஆண்டுகள் பக்கச் சுவர் இல்லாத கொட்டகையில் நின்றிருந்தது. கடைசியாக ஓடியபோது சூடாகிறது என்ற குறை இருந்தது. யாரோ மூன்றாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுத் துளையில் துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். அந்தத் துணி மழை ஈரத்தை உறிஞ்சி உள்ளே இறக்கும் திரியாக வேலை செய்திருக்கிறது.

வேலை பார்த்தவர்கள் இருவர்: உரிமையாளரும் அவருடைய மைத்துனரும். மைத்துனருக்கு டீசல் பம்புசெட் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டிய பழக்கம் உண்டு. லேத் வேலை தவிர மற்றதெல்லாம் வீட்டிலேயே செய்வது என்பது திட்டம்.

முதலில் தெரிந்தவை

டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. யாரும் ஊற்றாமல் அளவு கூடியிருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) போல்ட்டைத் தளர்த்தியதும் அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் தனியாக வந்தது. அதன் பின்னால் மோர்க்குழம்பு நிறத்தில் கொழகொழவென்று ஒன்று இறங்கியது. ரேடியேட்டர் வறண்டு, உள்ளே பழுப்புப் பொருக்கு. கிராங்க் அசையவில்லை.

இந்தக் கட்டத்தில் பேட்டரியைக் கட்டி ஸ்டார்ட்டரை ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இவர்கள் செய்யவில்லை. பிடித்துப் போன பிஸ்டன் ரிங்கை ஸ்டார்ட்டர் இழுத்தால் ரிங் உடைந்து போரை (சிலிண்டரின் உள்சுவரை) கீறும், அல்லது பிடித்துக்கொண்ட வால்வின் புஷ்ராட் வளையும்.

பிடிப்பை விடுவித்தது

நான்கு பிளக் துளைகளிலும் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிடும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினார்கள். இவை இரண்டும் உண்மையில் கலப்பதில்லை. ஊற்றும் நொடி வரை குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சிலிண்டருக்கு அசிட்டோன் மட்டும், இன்னொன்றுக்கு எண்ணெய் மட்டும் போகும். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் திறந்த வெளியில், பேட்டரி கழற்றப்பட்ட நிலையில் செய்தார்கள்.

ஆறு நாள் ஊறிய பின் கிராங்க் கப்பி நட்டில் நீண்ட கைப்பிடி போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டியதில் பத்து டிகிரி அளவுக்கு அசைந்து நின்றுவிட்டது. இன்னும் நீளமான குழாயைப் போட்டுத் திருகலாம் என்றார் மைத்துனர். உரிமையாளர் ஹெட்டைக் கழற்றிவிடலாம் என்றார். ஹெட் எப்படியும் கழற்றப்பட வேண்டியதுதான், எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல் பலம் போடுவதில் லாபம் இல்லை என்று முடிவாயிற்று. சரியான முடிவு.

ஹெட் நட்டுகளை வெளியிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றும் கால் சுற்றாகத் தளர்த்தினார்கள். ஸ்டட்டுகளைச் சுற்றித் துரு இறுகியிருந்ததால் ஹெட் வரவில்லை. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே திருப்புளியைச் செருகினால் அந்த வடு கேஸ்கெட் பரப்பில் நிரந்தரமாக நிற்கும். அதனால் ஸ்டட் இடுக்குகளில் ஊடுருவும் எண்ணெயை விட்டு, இரண்டு நாள் கழித்து, மரக்கட்டையை வைத்து நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றித் தட்டினார்கள். மூன்றாம் நாள் மாலை ஒரு மூலை மயிரிழை அளவுக்கு எழும்பியது. அதன் பிறகு சிரமம் இல்லை.

மூன்றாம் பிஸ்டன் மேல் பரப்பிலிருந்து 30 மி.மீ. கீழே நின்றிருந்தது. அதற்கு மேல் சுவர் முழுக்கத் துரு. முதலில் அந்தத் துருவைச் சுரண்டி, எண்ணெய் தொட்ட நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, தூளை உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு பிஸ்டன் தலையில் முக்கால்வாசியை மூடும் கடின மரக்கட்டையை வைத்து ரப்பர் சுத்தியலால் கீழ்நோக்கித் தட்டினார்கள். பிஸ்டன் பயணத்தின் நடுப்பகுதியில் இருந்ததால் தட்டிய பலம் கிராங்கைத் திருப்பியது. உச்சியிலோ அடியிலோ நின்றிருந்தால் இது பலிக்காது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் நேர்கோட்டில் நிற்கும்போது தட்டுவதெல்லாம் பேரிங்கின் மேல்தான் விழும்.

பிரித்ததும் அளந்ததும்

போரின் மேல் விளிம்பில் ரிங் தொடாத இடத்தில் ஒரு திட்டு நின்றது. அதை ரிட்ஜ் ரீமர் கொண்டு எடுத்த பிறகே பிஸ்டன்களை மேலே தள்ளினார்கள். இந்த எஞ்சினில் கனெக்டிங் ராடின் பெரிய முனை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் அது போர் வழியாக மேலேயே வரும். ராட் மூடிகள், டேப்பட்டுகள் (கேம் தண்டுக்கும் புஷ்ராடுக்கும் இடையில் நிற்பவை), புஷ்ராடுகள் எல்லாவற்றுக்கும் எண் எழுதிய சீட்டு. மூடி எந்த ராடோடு பிறந்ததோ அந்த ராடோடுதான் போக வேண்டும்.

பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னைக் கழற்றுவதில் இந்த எஞ்சினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ராடின் சிறிய முனை ஒரு போல்ட்டால் பின்னைக் கவ்விப் பிடித்திருக்கிறது. பிஸ்டனை வைஸில் பிடித்துக்கொண்டு அந்தப் போல்ட்டைத் திருகினால் ராட் முறுக்கிக்கொள்ளும். பின்னின் இரு முனைகளிலும் பித்தளைக் கட்டைகளைச் செருகி, அந்தக் கட்டைகளை வைஸில் பிடித்துத்தான் திருக வேண்டும்.

போரை மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளந்தார்கள். மூல அளவு 73.03 மி.மீ. அதிகபட்சத் தேய்மானம் முதல் சிலிண்டரில் 0.08, மூன்றாம் சிலிண்டரில் 0.11. தேய்மானத்தை விடக் கவலை தந்தது மூன்றாம் போரில் ரிங் நின்ற இடத்தில் இருந்த துருக்குழிகள். ஆழமானது 0.15 மி.மீ.

இங்கே ஒரு கணக்கு. முதல் ஓவர்சைஸ் (போரைக் கடைந்து பெரிதாக்கிப் போடும் பெரிய பிஸ்டன் அளவு) 0.25 மி.மீ. என்பது விட்டத்தில். சுவரிலிருந்து போவது அதில் பாதி, அதாவது 0.125. குழி 0.15 என்றால் போரிங் செய்த பிறகும் அடித்தளம் தெரியும். அதனால் நேராக 0.50 ஓவர்சைஸுக்குப் போனார்கள். பிஸ்டன்களை முதலில் வாங்கி, அவற்றையும் பிளாக்கோடு லேத் பட்டறையில் கொடுத்து, ஒவ்வொரு போரையும் அதற்குரிய பிஸ்டனுக்கே கடைய வைத்தார்கள்.

கிராங்க் நல்ல நிலையில் இருந்தது. மெயின் ஜர்னலின் (பேரிங்கில் உட்காரும் பகுதியின்) மூல அளவு 50.8 மி.மீ., தேய்மானம் 0.02க்குள். மெருகேற்றி, ஸ்டாண்டர்டு அளவு புதுப் பேரிங் போடுவது என்று முடிவு. டேப்பட்டுகளில் நான்கின் அடிப்பரப்பில் துருப்புள்ளி இருந்ததால் எட்டையும் மாற்றினார்கள். கேம் முனைகள் பழுதில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய கேமில் புது டேப்பட் போடலாம். புதுக் கேமில் பழைய டேப்பட் போடக் கூடாது.

ஹெட்டில் வால்வு இருக்கைகளுக்கு இடைப்பட்ட பாலங்களில் விரிசல் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வார்ப்பிரும்பு ஹெட் என்பதால் எக்ஸாஸ்ட் இருக்கைகளுக்குக் கடின உலோக வளையம் பதிக்கச் செய்தார்கள். வால்வுகளை வீட்டிலேயே பேஸ்ட் வைத்துத் தேய்த்து, போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஐந்து நிமிடம் கசிகிறதா என்று பார்த்தார்கள்.

முதல் சுத்தம்

வெளிப்புறப் பிசுக்கைச் சுரண்டி, மண்ணெண்ணெயால் கழுவினார்கள். அலுமினியப் பாகங்களைக் காஸ்டிக் சோடாவிலிருந்து தள்ளி வைத்தார்கள். அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

பிளாக்கின் பக்கத்து வெல்ச் பிளக்குகளை (நீர்ப்பாதைத் துளைகளை மூடும் தகட்டு மூடிகளை) தட்டி எடுத்தபோது எஞ்சின் சூடானதன் காரணம் தெரிந்தது. நான்காம் சிலிண்டரைச் சுற்றியிருந்த நீர்ப்பாதையின் அடிப்பாதி துருமணலால் இறுகி மூடியிருந்தது. முக்கால் கிலோவுக்குக் குறையாமல் கம்பியால் குத்தி எடுத்தார்கள். மீதியைக் கரைக்க வெல்ச் பிளக் துளைகளை ரப்பர் அடைப்பானால் மூடி, 20 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ சிட்ரிக் அமிலம் என்ற கணக்கில் நீர்ப்பாதையில் மட்டும் நிரப்பி ஒரு நாள் வைத்து, பிறகு சோடா கரைசலால் அலசினார்கள். இந்தப் பகுதி குறையின்றி நடந்தது.

குறை நடந்தது எண்ணெய்ப் பாதையில். பேரிங்குகளுக்கு எண்ணெய் கொண்டுபோகும் நீண்ட துளையான மெயின் ஆயில் கேலரியின் இரு முனைகளிலும் அடைப்பான் உண்டு. முன்னது வந்தது. பின்னது வரவில்லை, அதன் தலை சிதைந்துபோயிற்று. அதை விட்டுவிட்டு, முன்பக்கத் துளை வழியாக மண்ணெண்ணெய் பீய்ச்சி, கம்ப்ரஸர் காற்றை ஊதினார்கள். மெயின் பேரிங் துளைகள் வழியாகத் தெளிவான மண்ணெண்ணெய் வந்ததும் சுத்தமாகிவிட்டது என்று கொண்டார்கள். போரிங் முடிந்து பிளாக் திரும்பி வந்தபோது, பட்டறையில் கழுவித் தந்திருந்ததால், போர்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி.

முதல் முறை கட்டியது

கட்டிய முறையில் குறை சொல்ல ஏதுமில்லை. நடு மெயின் பேரிங்கின் த்ரஸ்ட் வாஷர்கள் பள்ளம் உள்ள பக்கம் கிராங்கை நோக்கி வைக்கப்பட்டன. கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.06 மி.மீ. மெயின் மூடிகளுக்கு 95 நியூட்டன் மீட்டர், ராட் போல்ட்டுகளுக்கு 48. ஒவ்வொரு மூடியையும் இறுக்கிய பின் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். எந்த மூடியில் இறுக்கம் வந்தது என்பது அப்போதுதான் தெரியும். நசுங்கும் அகலத்தைக் கொண்டு பேரிங் இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிகேஜ் இழை பெரிய முனைகளில் 0.05 மி.மீ. காட்டியது.

ரிங்குகளை ஒவ்வொன்றாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தார்கள். ஒரு ரிங் 0.12 மட்டுமே காட்டியது. சூட்டில் விரியும்போது முனைகள் முட்டி ரிங் உடையும் அளவு அது. நுண்ணரத்தால் 0.28க்குக் கொண்டு வந்தார்கள். டைமிங் சக்கரங்களின் புள்ளிகள் நேருக்கு நேர். வால்வு இடைவெளி 0.38 மி.மீ., கூட்டினால் ஒன்பது வரும் எண் முறையில்: எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவது, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது, இப்படியே.

பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரைப் பதினைந்து பதினைந்து நொடியாக ஓட்டி, எண்ணெய் பிரஷர் கேஜ் எழும்பிய பிறகே பற்றவைத்தார்கள். புது டேப்பட்டுகள் என்பதால் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றில் இருபது நிமிடம். பிரஷர் 52 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). மறுநாள் ஹெட்டை மீண்டும் இறுக்கி வால்வுகளைச் சரிபார்த்தார்கள்.

கோளாறு

சாலையில் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியதும் 2000 சுற்றில் பிரஷர் 34க்கு இறங்கியது. சூட்டில் எண்ணெய் இளகினால் பிரஷர் குறையும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர்ச் சூடு ஒரே நிலையில் நிற்க, பிரஷர் மட்டும் தொடர்ந்து இறங்குமானால் அதற்கு இளகல் விளக்கமாகாது. இருவரும் கேஜைச் சந்தேகித்தார்கள். வேறொரு கேஜை நேராகப் பொருத்தியும் அதே எண். அதற்குள் இன்னும் பத்து நிமிடம் எஞ்சின் ஓடிவிட்டது. கேஜைச் சோதிக்க எஞ்சினை ஓட்டத்தான் வேண்டும், அதுதான் இதில் உள்ள சிக்கல். இரண்டாவது கேஜ் முதல் நாளே இணைப்பில் இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் மிச்சம்.

ஃபில்டர் உறையைத் திறந்து, எலிமென்டின் மடிப்புகளை விரித்து வெள்ளைத் தாளில் தட்டினார்கள். சாம்பல் நிறத்தில் மினுங்கும் செதில்கள். அவற்றோடு கறுப்பு மாவு போன்ற தூள். தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தியபோது கறுப்புத் தூள் மட்டும் கூட்டமாக ஊர்ந்தது, செதில்கள் அசையவில்லை. ஊர்ந்தது வார்ப்பிரும்பு, அதாவது போரிங்கிலும், அதன் பின் கல்லால் போரை இழைக்கும் ஹோனிங்கிலும் வந்த தூள். அசையாதது பேரிங் உலோகம்.

சம்பை இறக்கிப் பார்த்ததில் பின் மெயின் பேரிங்கும் நான்காம் ராட் பேரிங்கும் வட்டம் வட்டமாகக் கீறியிருந்தன. மற்றவற்றில் லேசான மங்கல். மூன்று மெயின் உள்ள இந்தக் கிராங்கில் நான்காம் ராடுக்கு எண்ணெய் போவது பின் மெயின் வழியாக. இரண்டும் சேர்ந்து கெட்டதற்கு அதுவே காரணம். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பேரிங்கின் மென்பரப்பில் மணிகள் பதிந்து நிற்பது தெரிந்தது. பதிந்த மணி அங்கேயே இருந்துகொண்டு கிராங்கை அரைக்கும். கிராங்கில் நான்காம் ராட் உட்காரும் பின்னில் கீறல் ஆழம் 0.04 மி.மீ.

காரணம்

பின் அடைப்பானில் நடுவே துளையிட்டு, மரை வெட்டி, போல்ட் ஒன்றைத் திருகி இழுத்தார்கள். 'டொப்' என்று வந்த அடைப்பானோடு விரல் நீளத்துக்குக் கறுப்புக் களிம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. வெளிப்பக்கம் தாரைப் போல இறுகி, உள்பக்கம் புது எண்ணெயில் ஊறி இளகியிருந்தது. விரலால் நசுக்கியபோது நறநறத்தது.

நடந்தது இதுதான். கேலரியின் பின்முனை ஒரு முட்டுச்சந்து. முன்னால் ஊதிய காற்றும் மண்ணெண்ணெயும் வழியில் உள்ள பேரிங் துளைகளில் வெளியேறிவிடும், முட்டுச்சந்தைத் தொடாது. தெளிவான மண்ணெண்ணெய் வந்தது பாதை திறந்திருக்கிறது என்பதைக் காட்டியதே தவிர, சுத்தமாக இருக்கிறது என்பதையல்ல. புது எண்ணெயின் டிடர்ஜென்ட் சூட்டில் அந்தக் களிம்பை இளக்கி நேராகப் பின் மெயினுக்கு அனுப்பியது. ஃபில்டர் இதைத் தடுத்திருக்க முடியாது. கேலரி ஃபில்டருக்குப் பிறகு வருவது. அதில் உள்ள குப்பை முதலில் பேரிங்கைப் பார்த்துவிட்டுத்தான் ஃபில்டருக்கு வந்து சேரும்.

ஹோனிங் தூள் இரண்டாவது காரணம். ஹோனிங் கல்லின் மணிகள் குறுக்குக் கோடுகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். மண்ணெண்ணெய் எண்ணெயைக் கரைக்கும், மணியை அசைக்காது. அதற்கு வெந்நீரும் சோப்பும் பிரஷும்தான்.

இரண்டாம் முறை

பேரிங்கை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. கீறிய ஜர்னலில் புதுப் பேரிங் நிலைக்காது, மற்ற இடங்களில் தூள் இருக்கிறதா என்றும் தெரியாது. முழுக்கப் பிரித்தார்கள். கிராங்கின் மெயின், ராட் பின் எல்லாவற்றையும் 0.25 மி.மீ. குறைத்துக் கடைந்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் வாங்கினார்கள். கெட்டது இரண்டே இடம் என்றாலும் ஒரு பேரிங் செட் முழுக்க ஒரே அளவில் இருந்தால் அடுத்து பிரிப்பவருக்குக் குழப்பம் இல்லை. பிஸ்டனும் ரிங்கும் நன்றாக இருந்ததால் அதே போர்களில் திரும்பப் போயின.

சுத்தத்துக்கு மட்டும் இரண்டு முழு நாள். கேலரிக்குள் இறுக்கமாகப் போகும் நீண்ட நைலான் பிரஷை முனையிலிருந்து முனைக்கு இழுத்தார்கள். கிராங்கின் சாய்வுத் துளைகளுக்குச் சிறிய பிரஷ். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீர், பிரஷ், மறுபடி வெந்நீர், காற்று. போரை வெள்ளைப் பருத்தித் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, துணி சாம்பல் நிறம் காட்டுவது நிற்கும் வரை கழுவலை நிறுத்தவில்லை. மூன்றாம் சிலிண்டருக்கு ஐந்து முறை ஆயிற்று. கழுவி முடிந்த வார்ப்பிரும்பு கண்முன்னே பழுப்பேறும். அதனால் ஒருவர் காற்று ஊத, மற்றவர் பின்னாலேயே எண்ணெய் பூசிக்கொண்டு வந்தார்.

ஆயில் பம்பின் ரோட்டர்களிலும் உறையிலும் கீறல் இருந்ததால் பம்பையும் மாற்றினார்கள். முதல் முறை கட்டியபோது புதிதாகவே தெரிந்த பம்ப் அது. சம்பில் சேர்ந்த தூளை ஃபில்டருக்கு முன்பே குடிப்பது பம்ப்தான், அதன் வலை பெரிய துண்டுகளை மட்டுமே நிறுத்தும். பற்றவைக்கும் முன் பிரஷர் கேஜ் இணைப்பு வழியாக எண்ணெய்க்குடுவையால் கேலரியை நிரப்பினார்கள்.

விளைவு

சூடான எஞ்சினில் 2000 சுற்றுக்கு 50 பி.எஸ்.ஐ., ஐடிலில் 20. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் 140, 145, 143, 142 பி.எஸ்.ஐ. முதல் எண்ணெயை 50 கிலோமீட்டரிலும் அடுத்ததை 500லும் மாற்றி, இரண்டு முறையும் எலிமென்டை விரித்துக் காந்தம் வைத்துப் பார்த்தார்கள். முதல் முறை ஊசிமுனை அளவுக்கு ஊர்ந்தது, இரண்டாம் முறை ஒன்றும் இல்லை. 3000 கிலோமீட்டர் கடந்தும் பிரஷர் மாறவில்லை. தண்ணீர்ச் சூட்டுக் குறையும் திரும்பவில்லை.

கிளட்ச் உறையின் அடியில் இரவில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் நிற்கிறது. இந்த மூன்று பேரிங் எஞ்சினின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய மரை எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது, எஞ்சின் நின்றதும் அதன் வேலை நின்றுவிடும். இதற்காக மறுபடி பிரிக்க வேண்டும் என்ற யோசனை கைவிடப்பட்டது.

முதல் முறை கட்ட ஐந்து மாதம், இரண்டாம் முறைக்கு ஏழு வாரம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வராத அடைப்பானை லேத் பட்டறைக்குப் பிளாக் போகும் முன்பே துளையிட்டு எடுத்திருக்க வேண்டும். போரிங்குக்குப் பிறகு எடுத்தால் துளையிடும் தூளும் புதுப் போரோடு சேரும். பட்டறையில் கழுவித் தந்தாலும் வீட்டில் சோப்புக் கழுவல் ஒன்று கட்டாயம், அதுவும் எல்லா அடைப்பான்களும் வெளியே இருக்கும் நிலையில்.

முதல் பத்து, இருபது கிலோமீட்டருக்குள் ஃபில்டரைத் திறந்து பார்ப்பதைத் திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கலாம். பிரஷர் இறங்கும் முன்பே தூள் தெரிந்திருக்கும், அந்தக் கட்டத்தில் போவது பேரிங் மட்டுமாக இருந்திருக்கும், கிராங்க் தப்பியிருக்கும்.

பின் கேலரி முனையில் இப்போது மரை போட்ட அடைப்பான் இருக்கிறது. ஆலன் சாவி போட்டால் கழன்று வரும்.